ஒரு சொல்லும் குறையாமல்

எங்கள் தெருவில் மதாமைக் கண்டு பயப்படாதவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி எதிர்வீட்டு மலிக்கா. மற்றவன் மலிக்காவின் மகன் யூசுப். அவனுக்கு அப்போது பல்லே முளைத்திருக்கவில்லை.

மற்ற எல்லோருக்கும் பயம்தான். பால்காரனுக்குப் பயம். வீடு வாடகைக்கு விடும் ஏஜெண்டுக்குப் பயம். என் கணவருக்கும் பயம். அதை அவர் மரியாதை என்று சொல்லிக்கொள்வார். இத்தனைக்கும் மதாம் சத்தம் போடுகிறவர் அல்ல. யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. நீங்கள் ஒருவரைப் பற்றிச் சொன்னதை, அவருக்கு விளங்கும் மொழியில், நீங்கள் சொன்ன அதே குரலில், உங்கள் முன்னாலேயே அவரிடம் சொல்லிவிடுவார். பயப்படுவதற்கு அது போதாதா?

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சிட்னிக்கு மேற்கே செவன் ஹில்ஸில் ஃபைப்ரோத் தகடு அடித்த ஒரு வீட்டில் குடியேறியது எழுபத்திரண்டில். கணவருக்கு ரயில்வேயில் எஞ்சினியர் வேலை. எனக்கு வீடும், நடக்கத் தொடங்கியிருந்த மகளும். ஒரு நாள் பலசரக்குக் கடையில் மகள் உப்புப் பெட்டியை இழுத்து விழுத்திவிட்டாள். நான் தமிழில் ஏசிக்கொண்டு கையை ஓங்கினேன்.

“புள்ளைய ஏம்மா அடிக்கிறே? கொட்டினது உப்புதானே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். முழங்கால் வரை சாம்பல் நிறப் பாவாடை, கழுத்தளவு வெட்டிய தலைமயிர், மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“நீங்கள் தமிழோ?” என்று கேட்டேன்.

“பின்னே, இப்ப என்ன பிரெஞ்சிலயா பேசினேன்?” என்றார் அவர்.

பாண்டிச்சேரியில் பிறந்தவர். தகப்பனுக்கு பிரெஞ்சுக்காரர்களின் அலுவலகத்தில் வேலை என்பதால் வளர்ந்தது சைகோனில். கல்யாணம் செய்துகொண்டு போனது, பசிபிக் கடலில் பிரெஞ்சுக்காரர் ஆளும் தீவொன்றின் நகரமான நூமியாவுக்கு. கணவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் தனியாக சிட்னிக்கு வந்து, நகரத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் பிரெஞ்சுக் கடிதங்களைப் பார்க்கும் வேலையில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. நான் அவரை அக்கா என்றேன். தெரு முழுவதும் மதாம் என்றது.

மலிக்காவும் அவள் கணவர் இத்ரீஸும் மொரோக்கோக்காரர். நூமியாவில் நிக்கல் சுரங்க வேலைக்கென்று போய், வேலை குறைந்ததும் சிட்னிக்கு வந்தவர்கள். மதாம் அவர்களைக் கண்டுபிடித்தது ரயிலில். ஸ்டேஷனைத் தவறவிட்ட கோபத்தில் மலிக்கா கணவனை பிரெஞ்சில் கிழித்துக்கொண்டிருந்தாளாம். மதாம் எதிர் ஆசனத்தில் இருந்தபடி, “அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, நீங்கள் ஏறிய ரயில்தான் தவறு” என்று பிரெஞ்சில் சொன்னாராம். வீடு தேடி அலைகிறார்கள் என்று தெரிந்ததும், தன் எதிர்வீடு காலியாகக் கிடக்கிறதென்று நேரே ஏஜெண்டிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏஜெண்ட் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மதாமிடம் ஆங்கிலத்தில் சொன்னான்: “வீடு போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள். இந்த ஆட்களுக்குக் கொடுத்தால் குசினியில் ஆடு வெட்டுவார்கள்.”

மதாம் அதே சிரிப்போடு இரண்டு வசனத்தையும் பிரெஞ்சில் சொன்னார். இத்ரீஸின் முகம் கறுத்தது. மலிக்கா மட்டும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். அவள் சொன்னதை மதாம் ஆங்கிலத்தில் சொன்னார்: “உங்கள் வீட்டில் ஆட்டை எங்கே வெட்டுகிறீர்கள் என்று கேட்கிறார். வரவேற்பறையிலா?”

“அதையெல்லாம் சொல்லச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை” என்றான் அவன்.

“நீங்கள் சொன்னீர்கள். நான் சொன்னேன். எங்கே தவறு விட்டேன் என்று காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.”

அங்கே வேறு ஆட்களும் காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இப்போது அவனைத்தான் பார்த்தார்கள். மதாமும் ஒரு கதிரையில் இருந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில், போய்விட்டதாகச் சொன்ன வீட்டின் சாவி மேசைக்கு வந்தது. இதை எனக்குச் சொல்லத் தொடங்கியது மதாம் அல்ல. மலிக்காதான் என் குசினியில் நின்று மூன்று பேராகவும் மாறி மாறி நடித்துக் காட்டினாள்; பேச்சை மட்டும் மதாம் தமிழாக்கினார்.

அதற்குப் பிறகு எங்கள் மூன்று வீடுகளும் ஒன்றாகிவிட்டன. மலிக்கா வட்டமாகத் தடித்த ரொட்டி சுட்டால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் வரும். நான் தோசை சுட்டால் மலிக்காவின் மகள் நாதியா மணம் பிடித்து வந்துவிடுவாள். அவளுக்கு ஆறு வயது, மதாமோடு பிரெஞ்சு, தாயோடு அரபு, என்னோடு “ஓம்”, “வாறன்”, “போட்டு வாறன்.”

அடுத்த ஆண்டு தைப்பொங்கலுக்கு எங்கள் வளவில் பானை வைத்தோம். கொளுத்துகிற வெயில். சிட்னியில் தெரிந்த தமிழர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மலிக்காவையும் கூப்பிட்டிருந்தேன். யூசுப்பை மடியில் வைத்துக்கொண்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் நிழல் இருந்த இடமாகப் பார்த்து இருந்தாள். வந்தவர்களில் ஒரு டொக்டரின் மனைவி என் காதுக்குச் சொல்வதுபோல, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “இந்த அரபுக்காரியை ஏன் சாமிப் படத்துக்குப் பக்கத்திலை இருத்தி வைச்சிருக்கிறீர்? மாடு தின்னுற ஆக்கள். கை கழுவியிருப்பாவோ தெரியாது.”

மதாம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். மலிக்காவின் பக்கம் திரும்பி, பிரெஞ்சில், மெதுவாக, டொக்டரின் மனைவி எங்கெங்கே இழுத்தாரோ அங்கங்கே இழுத்துச் சொன்னார்.

பொங்கல் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. மலிக்கா சாமிப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மதாமிடம் ஏதோ சொன்னாள்.

மதாம் தமிழில் சொன்னார்: “‘இவ்வளவு நேரமா சாமி பக்கத்துல உக்காந்திருக்கேன், அது மூஞ்சி சுளிக்கல. இந்த அம்மா ஏன் சுளிக்குது?’ன்னு கேக்கறா.”

டொக்டரின் மனைவி எழுந்து போய்விட்டார். அவரோடு இன்னும் இரண்டு கார்கள் போயின. பின்னேரம் என் கணவர் மதாமிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அக்கா, அதைச் சும்மா விட்டிருக்கலாந்தானே? அவவுக்குத் தமிழ் விளங்காதுதானே?”

“விளங்காதுன்னுதானே அந்த அம்மா சொல்லிச்சு?” என்றார் மதாம். “என் வாய்க்குள்ள நின்னுபோச்சுன்னா அந்தப் பேச்சு என்னுது ஆயிடும் தம்பி. நான் ஒண்ணும் சேர்க்கல. ஒண்ணும் குறைக்கல.”

அடுத்த பொங்கலுக்குப் பாதிப் பேர் வரவில்லை. பானையைச் சின்னதாக வைத்தோம்.

இதையெல்லாம் சொல்லும்போது மதாமை எல்லோருக்கும் பிடித்துப்போகும் என்று தெரியும். எனக்கு அவரைப் பிடிக்காமல் போன ஒரு நாளும் உண்டு.

அந்த முதல் பொங்கலுக்குப் பிறகு வந்த குளிர்காலம் முழுவதும் மலிக்கா இருமிக்கொண்டிருந்தாள். ரத்தம் வந்த பிறகுதான் சொன்னாள். நானும் மதாமும் இத்ரீஸும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அரபு தெரிந்த லெபனான்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மலிக்காவின் மொரோக்கோ அரபு அவருக்கு விளங்கவில்லை, அவருடைய அரபு இவளுக்குப் பாதிதான் விளங்கியது. கடைசியில் மதாம்தான். டொக்டர் எங்களை முதலில் வெளியே அழைத்துச் சொன்னார். காசநோய். ஒரு நுரையீரல் நன்றாகப் பழுதாகிவிட்டது. நகருக்கு வெளியே உள்ள காசநோய் ஆஸ்பத்திரியில் பல மாதங்கள் இருக்க வேண்டும். பிழைப்பார் என்று இப்போது உறுதி சொல்ல முடியாது. பிள்ளைகளைத் தொடக்கூடாது.

டொக்டர் உள்ளே போனதும் இத்ரீஸ் மதாமின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது. ஆனால் அந்த மனிதன் என்ன கெஞ்சுகிறார் என்று விளங்க மொழி தேவைப்படவில்லை. பலவீனம் என்று சொல்லுங்கள். சில கிழமையில் வந்துவிடலாம் என்று சொல்லுங்கள்.

“அக்கா, அவர் கேக்கிறார்தானே,” என்றேன் நானும். “முழுக்கச் சொல்லாதேங்கோ. பிறகு மெல்லமெல்லச் சொல்லலாம்.”

“நெஞ்சு அவளோடது,” என்றார் மதாம். “நீயும் நானும் யாரு பங்கு பிரிக்க?”

உள்ளே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, டொக்டர் சொன்ன வரிசையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். உறுதி சொல்ல முடியாது என்பதையும் சொன்னார். மலிக்கா அழவில்லை. மதாமின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இத்ரீஸ் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டினார். நான் மதாமோடு பேசாமல் ரயிலில் வீட்டுக்கு வந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று கணவரிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் மலிக்கா மதாமைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவள் யோசித்து முடித்திருந்தாள். பிள்ளைகளின் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றாள். யூசுப்புக்குப் புட்டிப்பால் பழக்க வேண்டும் என்றாள். எந்தப் பாட்டுக்கு அவன் தூங்குவான் என்று பாடிக்கூடக் காட்டினாள். கடைசியாக ஒன்று சொன்னாள்: நான் வந்தாலும் வராவிட்டாலும் என் பிள்ளைகள் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். மதாம் அதை எனக்குத் தமிழில் சொன்னபோது, சில கிழமையில் வந்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தாய் இவற்றில் எதையும் கேட்டிருக்கமாட்டாள் என்று விளங்கியது. ஆனாலும் என் கோபம் முழுவதும் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டேன்.

நல்லகாலம், பிள்ளைகளுக்கு நோய் தொற்றியிருக்கவில்லை. ஆனால் நலத்துறை அதிகாரி வந்துவிட்டார். நல்ல பெண்மணி, மென்மையான குரல். இத்ரீஸின் வீட்டு முன்னறையில் எல்லோரும் இருந்தோம். இத்ரீஸுக்குத் தகரப்பேணி செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. நடுச்சாமத்துக்குப் பிறகுதான் திரும்புவார். தாய் இல்லாமல் பிள்ளைகளை இப்படி விடமுடியாது என்றார் அதிகாரி. நாதியாவைப் பெண்பிள்ளைகளின் விடுதியில் விடலாம், யூசுப்பைக் குழந்தைகள் காப்பகத்தில் விடலாம். இரண்டும் வேறு வேறு ஊர்களில். மதாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிறகு அதிகாரி குரலைத் தாழ்த்தினார்: “சின்னவனை விரும்புகிற நல்ல குடும்பம் கிடைத்தால் அங்கேயே வளரலாம். அவனுக்கு இவர்களை நினைவிருக்காது. இதை இப்போது தகப்பனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.”

மதாம் அதை இத்ரீஸுக்குச் சொன்னார். ‘இதை இப்போது தகப்பனுக்குச் சொல்ல வேண்டியதில்லை’ என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இத்ரீஸ் அதிர்ந்துபோய் எழுந்தார். பெரிய உடம்புக்காரர். கதிரை பின்னால் விழுந்தது. அவர் கத்திய ஒவ்வொன்றையும் மதாம் இருந்த இடத்திலிருந்தே, அதே உரத்த குரலில் ஆங்கிலத்தில் கத்தினார். “என் மகனுக்குத் தாய் இருக்கிறாள்! என் மகனுக்குத் தகப்பன் இருக்கிறான்! அவன் நாய்க்குட்டி இல்லை!” சாம்பல் பாவாடை கட்டிய அந்த மனுஷி அப்படிக் கத்தியதைப் பார்த்து நாதியாவே பயந்துபோய் என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அவர் முடித்ததும் மதாம் எழுந்தார். தன் பாவாடையை நேராக்கினார். “அது அவர் சொன்னது. இனி நான் சொல்கிறேன்,” என்றார், சாதாரணக் குரலில். “இன்றைக்கு முதல் இந்தப் பிள்ளைகள் என் வீட்டில் படுப்பார்கள். என் வீடு தெருவுக்கு அந்தப் பக்கம். வந்து பாருங்கள்.”

“நீங்கள் வேலைக்குப் போகிறவர். பகலில் யார் பார்ப்பது?”

மதாம் என்னைச் சுட்டிக் காட்டினார். “இவர்.”

என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. என் இடுப்பில் என் மகள், பின்னால் நாதியா. அதிகாரி என்னைப் பார்த்தார். “ஓம்” என்றேன். பிறகு அவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைவு வந்து ஆங்கிலத்தில் சொன்னேன்.

“நான் இதற்குச் சம்மதிக்காவிட்டால்?” என்றார் அதிகாரி.

“பொலிஸோடு வாருங்கள். நான் வாசலில் நிற்பேன். நீங்கள் இன்றைக்கு இந்த அறையில் சொன்னதை முதலில் தெருவுக்குச் சொல்வேன். பிறகு கேட்கிற எல்லோருக்கும் சொல்வேன். எதையும் மாற்றிச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.”

அவர் பொலிஸோடு வரவில்லை. தனியாகப் பலமுறை வந்தார். கட்டிலைப் பார்த்தார், பால்புட்டியைப் பார்த்தார், பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தார். என் கணவருக்கு முதலில் எங்கள் பிள்ளைக்கு ஏதும் தொற்றிவிடுமோ என்று கவலை. “இந்த மனுஷி உம்மைக் கேக்காமலே உம்மைக் குடுத்திட்டாதானே?” என்று என்னோடு சண்டை பிடித்தார். பிறகு ஒரு சனிக்கிழமை தானே பலகை வாங்கி வந்து யூசுப்புக்குத் தொட்டில் கட்டில் அடித்துக் கொடுத்தார்.

காலையில் பிள்ளைகள் என்னிடம். மதாம் ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் அவரிடம். இத்ரீஸ் நித்திரையால் எழும்பி, வேலைக்குப் போகுமுன் என் வீட்டுக்கு வந்து, மகனைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவார். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. யூசுப் முதலடி வைத்தது மதாமின் குசினியில். முதலில் பேசியதும் அங்கேதான். மொரோக்கோக்காரரும் தாயை ‘யெம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மதாம் கதவைத் திறந்து வந்த ஒரு பின்னேரம் அவன் என் மடியிலிருந்து இறங்கி அவரிடம் ஓடினான். “யெம்மா!”

“மதாம்,” என்று திருத்தினார் அவர்.

“யெம்மா.”

“மதாம்னு சொல்லு.”

அவன் அவருடைய காலைக் கட்டிக்கொண்டான். மதாம் என்னைப் பார்க்காமல் குளிரங்கியைக் கழற்றத் தொடங்கினார். பொத்தானைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போவோம். உள்ளே விடமாட்டார்கள். மலிக்கா மேல்மாடி விறாந்தையில் வந்து நிற்பாள். நாங்கள் கீழே புல்தரையில். மதாம் அண்ணாந்து, கையை வாயருகே குவித்து, அந்தக் கிழமைச் செய்திகளை பிரெஞ்சில் கூவுவார். நாதியா எழுத்துக்கூட்டலில் தோற்றுவிட்டாள்! யூசுப் தமிழ்க்காரர் வீட்டுப் பெண்ணைக் கடித்துவிட்டான்! இத்ரீஸ் சிகரெட்டை விடவில்லை, விட்டதாக உன்னிடம் சொன்னது பொய்! மற்ற நோயாளிகளும் விறாந்தைக்கு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். மலிக்கா இருமி இருமிச் சிரிப்பாள். அதற்குள் எனக்கும் பிரெஞ்சு ஓரளவு விளங்கத் தொடங்கியிருந்தது.

அந்த ‘யெம்மா’ நடந்த கிழமையும் போனோம். இதையாவது விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மதாம் நாதியாவின் பள்ளிக்கூடத்தைச் சொன்னார், யூசுப்பின் சளியைச் சொன்னார். பிறகு கையை மறுபடியும் குவித்தார். “உன் மகன் என்னை யெம்மா என்கிறான்! வேண்டாம் என்று சொல்கிறேன்! கேட்கிறானில்லை!” என்று கூவினார்.

மலிக்கா சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு கையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனாள். அடுத்த ஞாயிறு வந்தபோது மருந்தைத் தவறாமல் குடிக்கிறாள், கொடுக்கிற சாப்பாட்டையெல்லாம் சாப்பிடுகிறாள், இரண்டாம் முறையும் கேட்டு வாங்குகிறாள் என்று நர்ஸ் வந்து சொன்னாள்.

கோடையில் மலிக்கா வீட்டுக்கு வந்தாள். மெலிந்துதான் இருந்தாள்; ஆனால் படியேறி வந்தாள். நாதியா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். யூசுப் மதாமின் பாவாடைக்குப் பின்னால் போய்விட்டான். மலிக்கா குந்தியிருந்து கையை நீட்டினாள். அவன் வீரிட்டுக் கத்தினான்.

கத்தல் நாளுக்கு நாள் கூடியதே தவிரக் குறையவில்லை. தாயின் வீட்டில் விட்டால் தெருவைக் கடந்து ஓடிவந்து மதாமின் கதவில் அடிப்பான். ஒருமுறை கார் ஒன்று அவனுக்கு முன்னால் கிறீச்சிட்டு நின்றது. அதற்கு அடுத்த நாள், சனிக்கிழமை காலை, நான் மதாமின் வாசலில் நிற்கும்போது அவன் மறுபடியும் ஓடிவந்தான். மதாம் கதவைத் திறந்தார். அவனைத் தூக்கவில்லை. மேலிருந்து கீழே பார்த்து பிரெஞ்சில் சொன்னார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற லேசான வார்த்தைகள், அதனால் எனக்கும் விளங்கியது.

“எனக்கு நீ வேண்டாம். எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை. உன் அம்மாவிடம் போ.”

அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். அவனைத் தேடிப் பின்னால் வந்த மலிக்கா கேற்றடியில் நின்று அதைக் கேட்டுவிட்டாள். மதாம் கதவைச் சாத்தினார்.

இரண்டு வருஷமாக அவர் வாயிலிருந்து எத்தனையோ பேருடைய கொடுமையான பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். அவருடைய சொந்தப் பொய் ஒன்றை நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

மலிக்கா மகனை ஒரு கையால் அள்ளி இடுப்பில் வைத்தாள். மறுகையால் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். மதாம் குசினியில் கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். மலிக்கா அவருடைய முதுகைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. பிரெஞ்சும் அரபும் கலந்து அவ்வளவு வேகமாக வந்ததில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திடீரென்று என்னைச் சுட்டிக் காட்டி ஏதோ சொன்னாள்.

“என்னவாம் அக்கா?”

மதாம் குழாயை மூடினார். திரும்பவில்லை.

“உனக்குத் தமிழ்ல சொல்லணுமாம்,” என்றார். “ஒரு வார்த்தை விடாம.”

“சொல்லுங்கோ.”

“‘நீ பொய் சொல்றே’ங்கிறா.” மதாமின் குரல் ஆடியது. “‘நான் செத்துப்போவேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னியே. என் புள்ள உன்னை யெம்மான்னு கூப்பிடுறான்னு ஊரே கேக்கக் கத்தினியே. அதைக் கேட்டுத்தான் நான் சோத்தைத் தின்னேன். அதைக் கேட்டுத்தான் எழுந்து வந்தேன். எனக்கு உண்மை, என் புள்ளைக்குப் பொய்யா? அவனைப் பிடிக்கலைன்னு சொல்ல நீ யாரு? அவன் மனசை ஒடிச்சு எனக்குத் தர்றியா? அப்படி ஒடிஞ்ச புள்ள எனக்கு வேணாம்.’”

மலிக்கா மூச்சு வாங்கினாள். மதாம் காத்திருந்தார். மலிக்கா மெதுவாக இன்னும் ஒன்று சொன்னாள்.

மதாம் கண்ணைத் துடைத்துவிட்டு, துவாயை மடித்து வைத்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். “‘அவன் ரெண்டு வீட்லயும் இருப்பான். இது என் வீட்டு முடிவு. உன்னை நான் கேக்கல’ங்கிறா.”

மலிக்கா மகனைக் கொண்டுபோய் அவருடைய கையில் கொடுத்தாள். யூசுப் கொஞ்ச நேரம் விறைத்துக்கொண்டிருந்தான். மதாம் அவனுடைய காதில் ஏதோ சொன்னார். பிறகு அவன் தலையை அவருடைய தோளில் வைத்தான். மலிக்கா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, தேத்தண்ணீர் கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒருவரும் அவனைப் பிடித்து வைக்கவில்லை. மலிக்காவும் மதாமும் மாறி மாறிக் கையைப் பிடித்துத் தெருவைக் கடத்திவிடுவார்கள். சில மாதங்களில் அவனாகவே தாயின் கட்டிலுக்குப் படுக்கப் போனான். பகலில் சாப்பாடு எந்த வீட்டில் நல்லதோ அங்கே இருப்பான். பல நாட்களில் அது என் வீடாகவும் இருந்தது.

எழுபத்தேழில் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். என் மகள் அங்கே ஏற்கெனவே படித்ததால் நானும் கூடப் போனேன். தலைமை ஆசிரியை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, தலைத்துண்டு கட்டிய மலிக்காவைப் பார்த்தார். சாம்பல் பாவாடை கட்டிய மதாமைப் பார்த்தார். யூசுப் இருவருடைய கையையும் பிடித்துக்கொண்டு நின்றான். தலைமை ஆசிரியை மதாமிடம் கேட்டார்: “உங்களில் யார் தாய்?”

மதாம் மலிக்காவிடம் திரும்பி வாயைத் திறக்குமுன்பே மலிக்கா ஆங்கிலத்தில் பேசினாள். தகரப்பேணித் தொழிற்சாலையில் அவளும் வேலைக்குச் சேர்ந்து, மெஷின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய ஆங்கிலம். அறை முழுக்கக் கேட்டது.

“நான்தான் தாய். ஏன், ஒருத்தியோடு மட்டும்தான் பேசுவீர்களா? அப்படியென்றால் இன்னொரு கதிரை கொண்டுவாருங்கள். நாங்கள் இரண்டு பேர் வந்திருக்கிறோம்.”

தலைமை ஆசிரியை மதாமைப் பார்த்தார், அவர் ஏதாவது விளக்கம் சொல்வார் என்பதுபோல. மதாம் கதிரை வரும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.